நான் வற்றவைத்த கண்மாய்

கண்மாய்க் கரை முழுக்கக் கூட்டம். பெண்கள் குலவை போடுகிறார்கள். மடைக்கருப்பு கோயில் முன்னால் பொங்கல் பொங்கி வழிகிறது. கிடாக்கறி கொதிக்கிற வாசம் ரோடு வரைக்கும் வருகிறது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் மறுகாலில் சத்தத்தோடு விழுந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே நின்ற ஜீப்பில், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் அழுதுகொண்டிருந்தேன்.

ஜீப் டிரைவர் ஒச்சப்பன் அண்ணன் ஒரு வாழை இலைத் துண்டில் சூடான பொங்கலோடு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன தங்கச்சி, வீட்ல இருந்து எதும் தகவலா?"

"இல்லண்ணே. கண்மாயில தண்ணி."

"ஆமா, தண்ணி."

"அதுக்குத்தான் அழுகுறேன்."

அவர் என்னையும் பொங்கலையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். "மதுர ஜில்லாவுல தண்ணியப் பாத்து அழுத மொத ஆளு நீதான்" என்றார். பொங்கலை என் கையில் வைத்துவிட்டு, தனக்கு இன்னோர் இலை வாங்கப் போனார்.

ஊரே சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒருத்தி மட்டும் அழுததற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல ஒரு வருஷம் பின்னால் போக வேண்டும்.

முக்கால் தலைமுறை

அதற்கு முன்னால் ஒரு கடன் பாக்கி. சென்ற வாரம், செல்போன் டவருக்கு இடம் பார்க்கப் போன வீட்டில் நாய் என்னைத் துரத்திய கதையை எழுதியிருந்தேன். திருமங்கலத்து வாசகர் ஒருவர், "கடைசியில் அந்த வீட்டில் டவர் வைத்தீர்களா, இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். வைத்தோம். நாய் டவருக்கு அடியிலேயே குடியேறி, அதன் பிறகு ஏற வந்தவர்களையும் துரத்தியது. போதுமா? கண்மாய்க்கு வருவோம்.

செல்போனில் மூன்றாம் தலைமுறை வரப்போகிற சமயம் அது. எங்கள் கம்பெனியில் யாரைப் பார்த்தாலும் தலைமுறைப் பேச்சுத்தான். முதலில் இருந்தது இரண்டாம் தலைமுறை. அதில் கொஞ்சம் இன்டர்நெட் சேர்த்ததும் இரண்டரை ஆனது. இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டியதும் இரண்டே முக்கால். வீட்டில் இதை நான் பெருமையாகச் சொன்னபோது அம்மா கேட்டாள்: "தலைமுறையில எங்கயாச்சும் முக்கால் உண்டாடி? அப்ப நீ எனக்கு மகளா, முக்கால் மகளா?"

இங்கே ஒரு குறிப்பு. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். தமிழுக்கு வரும்போது அம்மாவின் திட்டில் பாதி காரம் குறைந்துவிடுகிறது. நீங்களே கொஞ்சம் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் மூன்று வாரம் வகுப்பு. பழைய நெட்வொர்க்கில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரிசை, தனித்தனி நேரம். புதியதில் அப்படி இல்லை. எல்லோரும் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு ரகசியக் குறி இருக்கும். அந்தக் குறி தெரிந்தவருக்கு மட்டும் அது பிரியும். வகுப்பு எடுத்தவர் போர்டு நிறையக் கணக்குப் போட்டுவிட்டு, "புரிந்ததா?" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். ஒருவருக்கும் புரியவில்லை.

எனக்குப் புரிந்தது உசிலம்பட்டியில், ஒரு தோழியின் கல்யாணப் பந்தியில். மண்டபத்தில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து இலைக்காரர் சொல்வதே காதில் விழவில்லை. ஆனால் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த அம்மா, "பாயசத்தைத் தொடாதே, உனக்குச் சளி" என்று எங்கள் மொழியில் சொன்னது எனக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது. அடடா, இதுதானா என்று தோன்றியது. அப்புறம் கூட்டம் இன்னும் ஏறியது; சத்தமும் ஏறியது. இப்போது அம்மாவின் குரல் அடுத்த வரிசையைக்கூடத் தாண்டவில்லை. மூன்றாம் தலைமுறை டவரும் அப்படித்தான்: பேசுகிறவர்கள் கூடினால் அதன் எல்லை சுருங்கும், குறைந்தால் விரியும். செல் மூச்சு விடுகிறது என்று புத்தகத்தில் இதற்குப் பெயர். அந்தச் சந்தடியில் நான் பாயசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

ஜீப் உத்தியோகம்

வகுப்பு முடிந்ததும் என்னைச் சென்னை அலுவலகத்தில் ஏசி அறையில் உட்காரவைத்தார்கள். யாரோ வெயிலில் அலைந்து அளந்து அனுப்புவதை நான் கலர் கலராக அச்சடித்து அறிக்கையாக்க வேண்டும். ஆறு மாதத்தில் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. எங்கள் மேலாளர் வரதராஜன் சாரிடம் தினமும் போய் நின்றேன். எனக்கு வெளியில் போக வேண்டும், டவரைப் பார்க்க வேண்டும், அது ஏன் அங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும் என்று நச்சரித்தேன். அதுவரை அந்த அலுவலகத்தில் வெளிவேலைக்குப் பெண்களை அனுப்பியதில்லை.

கடைசியில் நச்சரிப்பு தாங்காமல் சொன்னார்: "உங்க ஊர்ப் பக்கம் ஒரு சோதனை க்ளஸ்டர் இருக்கு. ஒரு வருஷம் டைம். ப்ளான் பண்ணு, டவர் வை, டெஸ்ட் பாஸ் பண்ணிக் காட்டு. பாஸ் ஆனா ஃபீல்டு உனக்கு. இல்லைன்னா திரும்பி வந்து இதே நாற்காலி."

க்ளஸ்டர் என்றால் பக்கத்துப் பக்கத்து டவர்கள் சேர்ந்த ஒரு கூட்டம். எனக்குக் கிடைத்தது அலங்காநல்லூருக்கு வடக்கே, வாய்க்கால் தண்ணீர் எட்டாத மானாவாரிப் பக்கம். கூடவே ஒரு ஜீப்பும் ஒச்சப்பன் அண்ணனும் கிடைத்தார்கள். அவர் உசிலம்பட்டிக்கு மேற்கே இருந்து வருபவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அலுவலக ஆட்கள் முன்னால் நான் மேடம், ஜீப்புக்குள் தங்கச்சி.

ஜீப்பின் கூரையில் காந்தத்தில் ஒட்டிய ஒரு சின்ன ஆன்டெனா. உள்ளே நாலு போன், ஒரு லேப்டாப். போன்கள் தாமாகவே அழைக்கும், பேசும், வைக்கும், மறுபடி அழைக்கும். போகிற வழியெல்லாம் எந்த டவர் எவ்வளவு கேட்கிறது என்று லேப்டாப்பில் புள்ளி புள்ளியாக விழும். இப்படி ஊர்ந்து போகிற ஜீப்பைப் பார்த்தால் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? சிலர் தேர்தல் ஆட்கள் என்றார்கள். பெரும்பாலானோர் நாங்கள் நிலத்தடியில் நீரோட்டம் பார்க்க வந்திருப்பதாக முடிவு செய்துவிட்டார்கள்.

நான் மறுப்பேன். ஒச்சப்பன் அண்ணன் மறுக்கமாட்டார். ஒரு விவசாயி ஜீப்பை மறித்து, "அண்ணே, எங்கன போர் போடலாம்?" என்று கேட்டதற்கு, இவர் லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தா வேப்பமரம் தெரியுதுல்ல, அதுக்குத் தெக்க பத்தடி" என்று கை காட்டினார். அப்புறம் இரண்டு மாதம் அந்தப் பாதைப் பக்கமே நாங்கள் போகவில்லை. போனபோது அங்கே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்த விவசாயி எங்களுக்கு இளநீர் வெட்டித் தந்தார். ஒச்சப்பன் அண்ணனைப் பிடிக்க முடியவில்லை.

நீலத்தை அழித்தேன்

டவர் எங்கே வைப்பது என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்வதில்லை. முதலில் ஒரு வரைபடம் வரும். செயற்கைக்கோள் எடுத்த படத்திலிருந்து, இது வீடு, இது தோப்பு, இது முட்காடு, இது தண்ணீர் என்று நிறம் பிரித்துத் தருவார்கள். அலை வீட்டில் முட்டும். முட்காட்டில் பாதி சிக்கிக்கொள்ளும். தண்ணீரில் வழுக்கிக்கொண்டு எங்கேயோ போய் நிற்கும். கம்ப்யூட்டர் அதையெல்லாம் கணக்குப் போட்டு, எந்த டவர் எதுவரை கேட்கும் என்று சொல்லும்.

எங்கள் வரைபடத்தைச் செய்தவர் தாஸ். வடக்கே தலைமை அலுவலகத்தில் இருந்தார், வங்காளக்காரர். சோதனை நெட்வொர்க்குகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதும் அவர் வேலை.

படத்தை லேப்டாப்பில் திறந்தேன். அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் சுங்கடிச் சேலை வியாபாரம் செய்கிறவள். நிறம் என்றால் கருத்துச் சொல்லாமல் இருக்க முடியாது. "இந்தப் பச்சைக்கு இம்புட்டு நீலம் எடுபடாது" என்றாள்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. படம் முழுக்கக் குட்டிக் குட்டியாக நீலம். பூசாரிபட்டி என்ற ஊருக்கு மேற்கே மட்டும் பெரிய ஏரி அளவுக்கு ஒரு நீலம். சிரிப்பு வந்தது. அந்தக் கண்மாயை நான் பார்த்திருக்கிறேன். சீமைக்கருவேலம் மண்டிப் போய், ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். முந்தின வாரம்கூட ஒச்சப்பன் அண்ணன் சுற்றுவழியை மிச்சப்படுத்த ஜீப்பை அதற்குள் இறக்கி இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஓட்டினார். நான் பிறந்ததிலிருந்து மானாவாரிக் கண்மாய் எதிலும் தண்ணீர் பார்த்ததாக நினைவில்லை. எங்களுக்கெல்லாம் கண்மாய் என்றால் கிரிக்கெட் மைதானம்.

நீலத்தைத் தேர்ந்தெடுத்தேன். முட்காடு என்று மாற்றினேன். ஒன்றுவிடாமல் எல்லாக் கண்மாயையும் அப்படியே வற்றவைத்தேன். அரை மணி நேர வேலைதான்.

மாற்றிய படத்தைத் திருப்பி அனுப்பிய மறுநாள் தாஸிடமிருந்து ஈமெயிலில் கடிதம் வந்தது: அது நீர்நிலை ஆயிற்றே, நிச்சயமாகத் தெரியுமா? வரைபடத்தில் கரை இருக்கிறது, மடை இருக்கிறது.

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. மதுரையில் பிறந்து வளர்ந்த எனக்கு, எங்கேயோ உட்கார்ந்திருப்பவர் மதுரையைச் சொல்லித்தருகிறாரா? பதில் எழுதினேன்: "அன்புள்ள திரு. தாஸ், மதுரைக்கு வாருங்கள். நீங்கள் தண்ணீர் என்று சொல்லும் அந்த இடத்தின் நடுவே உங்களை ஜீப்பில் அழைத்துப் போகிறேன். உங்கள் ஷூ நனையாது என்பதற்கு நான் பொறுப்பு."

அவர் ஒரே சொல்லில் பதில் போட்டார்: "சரி."

இரண்டு ரோடு

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சிறுமலைப் பக்கம் கொட்டியது, அழகர்கோவில் பக்கம் கொட்டியது, எங்கள் தெருவில் கொட்டியது. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பஜ்ஜி தின்றேன். கண்மாயை நினைக்கவே இல்லை.

டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்னால், சும்மா ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று போனோம். பூசாரிபட்டிக் கரை மேல் ஜீப் ஏறியது. ஒச்சப்பன் அண்ணன் பிரேக்கை மிதித்தார். நாங்கள் போன வருஷம் ஓட்டிப் போன இடத்தில், அக்கரை தெரியாத அளவுக்குத் தண்ணீர். நான் அழுதது அன்றைக்குத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். கண்மாய்க்கு மேற்கே ஓர் அரிசி ஆலை. அங்கே ஒரு டவர். கிழக்குக் கரையில் பூசாரிபட்டி. அந்த ஊருக்கென்று ஒரு டவர். நடுவில் முட்காடு என்று நான் எழுதியிருந்ததால், ஆலை டவர் ஊரை எட்டாது என்று கணக்கு. எட்டாத டவரை அண்டை வீடு என்று சொல்ல வேண்டியதில்லையே? எங்கள் தெருவில் அம்மா வெளியே போனால் சாவி யார் வீட்டில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதுபோல ஒவ்வொரு டவரும் போனுக்கு ஒரு பட்டியல் தரும்: நான் கேட்காமல் போனால் இன்னின்ன வீட்டுக்குப் போ. ஆலை டவரின் பட்டியலில் பூசாரிபட்டி இல்லை. பூசாரிபட்டியின் பட்டியலில் ஆலை இல்லை.

இப்போது முட்காடு தண்ணீருக்குள் போய்விட்டது. ஆலை டவரின் அலை வழுக்கிக்கொண்டு வந்து கரை மேல் கணீரென்று கேட்டது. கரையில் நிற்கிற போன் அதைப் பிடித்துக்கொண்டது. பேசிக்கொண்டே கரையிலிருந்து ஊருக்குள் இறங்கினால், கரை மறைத்து அந்த டவர் பட்டென்று காணாமல் போகும். அடுத்து எந்த வீட்டுக்குப் போவது என்று போனுக்குத் தெரியாது. பேச்சு அறுந்துவிடும். டெஸ்ட்டில் மொத்தமே இரண்டு தடவைதான் அறுபடலாம். அன்றைக்கு அந்த ஒரு கரையில் மட்டும் ஆறு தடவை அறுந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிக்னல் அறாமல் கிடைக்கிற ஒரு மேட்டில் நின்று வரதராஜன் சாரைக் கூப்பிட்டேன். வரைபடத்தை நான் மாற்றிய கதையை மட்டும் முழுங்கிவிட்டு, கரையில் அழைப்பு அறுகிறது என்றேன்.

"ஊருக்குப் போக வேற ரோடு இருக்கா?"

"கரைக்குக் கீழ ஒண்ணு இருக்கு சார்."

"அப்ப அதுல போ. எந்த ரோட்ல போவேன்னு யாரும் உன்னைக் கேக்கலையே."

போனை வைத்தபோது மனசு லேசாக இல்லை. ஆனால் அந்த நாற்காலி கண் முன்னால் வந்தது. தப்பை மறைப்பது இவ்வளவு சுலபமாக இருந்தால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள்?

தாஸின் அம்மா

தாஸ் ஒல்லியான, நெட்டையான மனிதர். எல்லாவற்றுக்கும் மெதுவாகத் தலையாட்டுவார். ஆங்கிலத்தில் பேசினார். காலையிலிருந்து ஜீப்பின் பின் சீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு வந்தார். பூசாரிபட்டியில் ஒச்சப்பன் அண்ணன், நான் சொல்லாமலே, கீழ் ரோட்டில் திரும்பினார். ஓர் அழைப்புக்கூட அறவில்லை. பாஸ்.

நான் மூச்சு விட்டேன். தாஸ் காகிதத்தில் எழுதினார். பேனாவை மூடினார். அப்புறம் தோள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். என் கடிதம். அச்சடித்து வைத்திருந்தார்.

"வேலை முடிந்தது. இப்போது என்னை அந்த இடத்தின் நடுவே அழைத்துப் போவீர்களா?" என்றார்.

என் முகம் எப்படிப் போனதென்று ஒச்சப்பன் அண்ணன் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். அன்றைக்கு ஜீப்பைக் கரை மேல் ஏற்றினார்.

தாஸ் இறங்கினார். தண்ணீரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். நான் மறுகால் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. அவர் செய்தது வேறு. போனை எடுத்துத் தன் அம்மாவைக் கூப்பிட்டார். அவர்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு குளமாம். அம்மாவிடம் வங்காளியில் இந்தத் தண்ணீரை வர்ணித்துக்கொண்டே, டீக்கடையை நோக்கிக் கரையிலிருந்து இறங்கினார். "ஹலோ? ஹலோ?" என்றார். மேலே ஏறி வந்து மறுபடி கூப்பிட்டார். பேசிக்கொண்டே இறங்கினார். ஹலோ, ஹலோ. மூன்றாம் தடவையும் அதே இடத்தில் அறுந்தது.

போனைப் பார்த்தார். தண்ணீருக்கு அப்பால் புள்ளியாகத் தெரிந்த ஆலை டவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"காலையில் நாம் ஏன் இந்த ரோட்டில் வரவில்லை?"

ஒச்சப்பன் அண்ணன் என்னைக் காப்பாற்ற முன்னால் வந்தார். "ரோடு பேடு சார். வெரி பேடு. வண்டி போவாது" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஆட்களைத் திணித்துக்கொண்டு ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்தபடி எங்களைத் தாண்டிக் கரை மேல் போனது.

அதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நீலத்தை அழித்தது, கீழ் ரோட்டில் அழைத்துப் போனது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. சொல்லி முடித்ததும் பசித்தது.

தாஸ் மெதுவாகத் தலையாட்டினார். "என் தப்பும் உண்டு. நீங்கள் எழுதியதும் நான் சரி என்றேன். உள்ளூர்க்காரருக்குத் தெரியாதா என்று நினைத்தேன்" என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். "என் ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. காகிதத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அம்மாவும் பேசி முடிக்கவில்லை."

ஒரு ரூபாய் போன்

செய்ய வேண்டியது ஒன்றுதான். இரண்டு டவரின் பட்டியலிலும் ஒன்றை ஒன்று அண்டை வீடாகச் சேர்க்க வேண்டும். அதைச் சென்னையில் உட்கார்ந்தே செய்துவிடலாம்; வரதராஜன் சார் சரி என்றால் போதும். ஆனால் அவரிடம் பேச என் செல்போனுக்கு முடியவில்லை. பதற்றத்தில் கரைக்கும் டீக்கடைக்கும் நடந்துகொண்டே கூப்பிட்டேன்; இரண்டு தடவையும் "சார், கண்மாய்" என்பதற்குள் அறுந்தது. என் தப்பு என்னையே பேசவிடவில்லை.

டீக்கடையில் ஒரு ரூபாய் காசு போடுகிற போன் இருந்தது. மூன்றாம் தலைமுறை நெட்வொர்க்கைச் சரிசெய்ய, கடைக்கார அக்காவிடம் சில்லறை மாற்றிக்கொண்டு முதலாம் தலைமுறைக்கும் முந்தின அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். இரண்டு நாள் முன்னால் கிடாக்கறி விருந்துக்கு வந்து இன்னும் ஊர் திரும்பாத கூட்டம் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டுக்கும் நடுவுல அம்புட்டு தூரமும் முட்காடுன்னு மேப்ல இருக்கே. அண்டை எதுக்கு?" என்றார் வரதராஜன் சார். லைன் கரகரத்தது.

"அது முட்காடு இல்ல சார். கண்மாய்."

"கேக்கல."

"கண்மாய் சார். மேப்ப மாத்துனது நான்தான்."

"கேக்கலமா. சத்தமா சொல்லு."

சத்தமாகத்தான் சொன்னேன். "கண்மாயில தண்ணி வரும்னு நான் நெனைக்கல சார்."

டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்காகூட நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்படியே கண்மாயில் இறங்கிவிடலாம் போலிருந்தது.

"நாங்க மட்டும் நெனைச்சமா?" என்றார் அந்த அக்கா. "உள்ளுக்குள்ள ரெண்டு குறுக்கம் சோளம் வெதச்சிருந்தேன். கருது புடிக்கிற நேரம். அம்புட்டும் மீனுக்குத் தீனியாப் போச்சு."

"என் வைக்கப்படப்பு உள்ளதான் கெடக்கு" என்றார் ஒரு பெரியவர். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தண்ணி வந்தா வரட்டுமே, போ."

அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போனில் வரதராஜன் சார், "அங்க என்ன சிரிப்பு?" என்று கத்தினார். கடைசிக் காசு விழுவதற்குள் "சேக்கச் சொல்றேன், வை" என்றும் கத்தினார்.

அரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு கரை மேல் ஏறினோம். தாஸ் அவர் அம்மாவைக் கூப்பிட்டார். நான் என் அம்மாவைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் பேசிக்கொண்டே, பக்கத்தில் பக்கத்தில், கரையிலிருந்து இறங்கினோம். அறுகிற இடம் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அம்மா, "சாப்பிட்டியா?" என்றாள். இடம் தாண்டியது. அம்மா இன்னும், "என்ன சத்தத்தையே காணோம், சாப்பிட்டியான்னு கேட்டேன்" என்று பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கண்மாய் நிறையப் பாணி" என்றேன். பாணி என்றால் எங்கள் மொழியில் தண்ணீர். தாஸ் சட்டென்று திரும்பிச் சிரித்தார். அந்த ஒரு சொல் அவருக்கும் தெரியும். அவர் அம்மா எதையோ கேட்டார் போலிருக்கிறது. "இதில் மீன் கிடைக்குமா என்று கேட்கிறார்" என்றார்.

"மீன் குத்தகைக்கு விட்டாச்சுன்னு சொல்லுங்க" என்றார் ஒச்சப்பன் அண்ணன்.

மறுபடி முழு டெஸ்ட்டையும் கரை ரோடு சேர்த்து ஓட்டினோம். ஒரே ஒரு அழைப்பு அறுந்தது. தாஸ் காகிதத்தில் இரண்டையும் எழுதினார்: காலையில் ஃபெயில், காரணம் கரை விடுபட்டது, மாலையில் பாஸ். ரயில் ஏறும் முன் என் கடிதத்தை என்னிடமே கொடுத்தார். "ஷூ நனையவில்லை" என்றார்.

தண்டனை

திங்கட்கிழமை வரதராஜன் சார் என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் அந்தக் காகிதம் இருந்தது. ஃபெயில் என்ற சொல்லைச் சிவப்புப் பேனாவால் சுற்றியிருந்தார். கீழ் ரோட்டில் போகச் சொன்னது தான்தான் என்பதை அவரும் மறந்திருந்தார், நானும் ஞாபகப்படுத்தவில்லை.

"பாஸ் ஆச்சு, சரி. ஆனா முதல்ல ஃபெயில்னு ஹெட் ஆபீஸ்ல பதிவாயிடுச்சே. இதுக்கு என்ன பண்ணலாம் உன்னை?"

நான் அந்த மூலையில் கிடந்த என் பழைய நாற்காலியைப் பார்த்தேன். அதன் மேல் யாரோ பை வைத்திருந்தார்கள்.

"எத்தனை கண்மாயை வற்றவச்சே?"

"எண்ணல சார். எல்லாத்தையும்."

"அப்ப ஒவ்வொண்ணா நீயே நேர்ல போய்ப் பாரு. கரை எங்க, மடை எங்க, தண்ணி வந்தா எதுவரை நிக்கும்னு ஊர்ல கேட்டு எழுது. ஜில்லா பூராவும். வெயில்ல காயி. புத்தி வரும்."

தலையைக் குனிந்துகொண்டு சரி என்றேன். நிமிர்ந்தால் சிரித்துவிடுவேன் என்று பயம். இதைத்தானே ஆறு மாதம் அவர் மேஜை முன்னால் நின்று கேட்டேன்? மதுரைப் பக்கத்துக் கண்மாய்களை எண்ணி முடிக்க ஓர் ஆயுசு வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் ஒச்சப்பன் அண்ணனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர், "டீசல் போட்டு வைக்கவா?" என்று மட்டும் கேட்டார்.

முதல் கண்மாய், உசிலம்பட்டிக்கு மேற்கே அவர் ஊர்ப் பக்கம். அந்த மழை அங்கே எட்டவில்லை. கரை மேல் ஜீப்பை நிறுத்தினார். உள்ளே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கருவேலங்காட்டுக்குள் ஆடுகள் மேய்ந்தன. இரண்டு அணிகள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தன. லேப்டாப்பைத் திறந்து, அந்த இடம் முழுவதையும் நீலமாக மாற்றினேன்.

ஒச்சப்பன் அண்ணன் எட்டிப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். "நீலமா?" என்றார்.

"நீலந்தான்ணே."

அடுத்த கண்மாய் நேர் எதிரே, அக்கரைக்குப் பின்னால். உள்ளே இறங்கினால் ஐந்து நிமிஷம். கரையைச் சுற்றினால் அரை மணி நேரம். அவர் வண்டியைக் கிளப்பி, கரையைச் சுற்றியே ஓட்டினார்.